பதினொரு நாள் வாசித்த கடுதாசி

ஒரு பக்கக் கடுதாசியை வாசித்து முடிக்க என் அம்மாவுக்குப் பதினொரு நாள் பிடித்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. யாழ்ப்பாணத்தில் ஏழு வருடம் புவியியல் படிப்பித்தவர். ரொறன்ரோவுக்கு வந்த பிறகு இரண்டு குளிர்காலம் ஆங்கில வகுப்புக்குப் போய், முன்வரிசை வாங்கில் இருந்து, மற்றவர்களின் வீட்டுப்பாடத்தையும் திருத்திக் கொடுத்தவர். சொல் ஒன்றும் அவருக்குப் பிரச்சினை இல்லை. அந்தக் கடுதாசியில் இருந்த ஒரு வசனம்தான் பிரச்சினை.

அப்போது எனக்குப் பத்து வயது. ஸ்காபரோவில் வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். அப்பா நெடுந்தூர லொறி ஓடுபவர். மாதத்தில் மூன்று கிழமை அமெரிக்காவின் ஏதாவதொரு மூலையில் இருப்பார். அம்மா ஒரு பேக்கரியில் விடியக் காலமை வேலை தொடங்கி, நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது வீட்டில் நிற்பார். அம்மாவின் தம்பியான மாமா எங்கள் வீட்டுச் சோபாவில் குடியிருந்தார். கராஜ்களுக்கு வாகன உதிரிப்பாகங்கள் கொண்டுபோய்க் கொடுப்பது அவருடைய வேலை. அவரிடம் கம்பனி வான் ஒன்றும், உலகத்தில் உள்ள எல்லாவற்றைப் பற்றியும் ஒவ்வொரு அபிப்பிராயமும் இருந்தன.

ஒரு தை மாதத் திங்கட்கிழமை அந்தக் கடுதாசியைப் பள்ளிக்கூடத்தில் தந்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் பனிச்சறுக்குக்குக் கூட்டிப்போகிறார்களாம். வடக்கே பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். சின்ன இடம்தான். பெரிய மலைகளில் சறுக்கியவர்கள் அதை மலை என்று சொல்லமாட்டார்கள். ஆனால் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அந்தக் கணத்திலிருந்தே வேறு எதையும் பேசவில்லை. நானும்தான். அடுத்த கிழமை வெள்ளிக்கிழமைக்கிடையில் பெற்றோரின் கையெழுத்தோடு கடுதாசியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்கள் அன்றைக்கு நாலாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்து கணக்குச் செய்ய வேண்டும். ஐந்தாம் வகுப்பில் இருக்கும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

அம்மா கடுதாசியை மேசையில் விரித்து, பென்சிலால் வரி வரியாகத் தட்டிக்கொண்டு வாசித்தார். சாப்பாடு, உடுப்பு, பஸ் வெளிக்கிடும் நேரம் எல்லாவற்றையும் பென்சில் தாண்டிப்போனது. கடைசிப் பந்தியில் நின்றுவிட்டது. இந்த விளையாட்டில் இயல்பாகவே உள்ள ஆபத்துகளை, காயம், நிரந்தரப் பாதிப்பு, மரணம் உட்பட, நான் முழுமையாக விளங்கிக்கொண்டேன் என்று அதில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டில் அம்மா கையெழுத்து வைக்க வேண்டும்.

"நான் விளங்கிக்கொள்ளேல்லையே," என்றார் அம்மா.

"அது சும்மா அம்மா. எல்லாற்றை அம்மாவும் போடுறவை."

"விளங்காததை விளங்கினது எண்டு எப்பிடிப் பிள்ளை கையெழுத்துப் போடுறது?"

அம்மா ஒரு கொப்பியை எடுத்து, அந்தப் பந்தியை அழகான உருட்டெழுத்தில் அப்படியே பார்த்தெழுதி, ஒவ்வொரு வரிக்கும் கீழே தமிழில் கருத்து எழுதினார். 'இயல்பாகவே உள்ள ஆபத்து' என்பதற்குக் கீழே ஒரு கேள்விக்குறி போட்டார். பிறகு கொப்பியை மூடிக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் வைத்துவிட்டு, மாக் குழைக்கப் போனார். கடுதாசியில் கையெழுத்து இல்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அப்பா ரெக்ஸஸில் ஏதோ ஒரு தரிப்பிடத்திலிருந்து தொலைபேசியில் பேசினார். "போட்டுக் குடுமப்பா, வெள்ளைக்காரன் விழுந்தாலும் எழும்பினாலும் கடுதாசி எழுதுறவன்," என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. அம்மா சொன்ன பதிலும் நினைவிருக்கிறது. "இஞ்சை வந்த புதுசிலை 'இதிலை போடுங்கோ, இதிலை போடுங்கோ' எண்டு விரலாலை காட்டக் காட்ட எத்தினை கடுதாசியிலை போட்டனான். இனி வாசிக்காமல் ஒண்டிலையும் போடமாட்டன். அதுவும் இவளுக்கு."

அந்தக் கடைசிச் சொல்லை நான் பிழையாக விளங்கிக்கொண்டேன். எனக்கு மட்டும்தான் இந்த வஞ்சகம் என்று நினைத்தேன்.

ஆனால் போவது என்று நான் முடிவெடுத்துவிட்டேன். அடுத்த நாள் நான் போக வேண்டியதற்கான பன்னிரண்டு காரணங்களை எழுதி அம்மாவிடம் நீட்டினேன். அம்மா அதில் இருந்த மூன்று எழுத்துப் பிழைகளைத் திருத்தி, ஒன்பதாவது காரணமும் நாலாவது காரணமும் ஒன்றுதான் என்று அடிக்கோடிட்டுத் திருப்பித் தந்தார். தலைக்கவசம் கட்டாயம் போடுவார்கள் என்று சொன்னேன். "நல்லது," என்றார். பெரிய சரிவுகளில் விடாமல் சின்னப் பிள்ளைகளின் மேட்டில்தான் விடுவார்கள் என்றேன். "அந்த மேடு எவ்வளவு சரிவு?" என்று கேட்டார். அது எனக்குத் தெரியாது. எங்கள் ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டு வந்து, "அவ்வளவு சரிவில்லையாம்," என்றேன். புவியியல் படிப்பித்தவருக்கு அது ஒரு பதிலே இல்லை.

மாமா என் பக்கம் நின்றார். மாமா முந்தைய வருடம் பனிக்கால விளையாட்டுப் போட்டிகளைச் சோபாவில் படுத்திருந்து முழுதாகப் பார்த்தவர். ஆகவே வீட்டில் அவர்தான் அந்தத் துறையில் நிபுணர்.

"அக்காவுக்கு மலை எண்டா என்னெண்டு தெரியாது," என்றார் மாமா. "எங்கடை ஊரிலை மலை எண்டா கீரிமலை. அங்கை போய்ப் பார்த்தால் கடலும் கேணியும்தான் கிடக்கு."

சப்பாத்து வைக்கும் தட்டிலிருந்து இரண்டு பலகைகளைக் கழற்றி, என் தலை ரிப்பன்களால் என் கால்களில் கட்டிவிட்டார். வரவேற்பறைக் கம்பளத்தின் ஒரு முனையில் என்னை நிறுத்தி, மறுமுனையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று கட்டளையிட்டார்.

"முழங்காலை மடி! உடம்பைப் பின்னுக்குச் சாய்! இன்னும் பின்னுக்கு! மலை உன்னை முன்னுக்கு இழுக்கும், நீ பின்னுக்கு இழுக்க வேணும். விளங்கிச்சோ?"

நான் பின்னுக்குச் சாய்ந்து மேசையோடு விழுந்தேன். கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் கூரையில் இடித்தார். குசினிக்குள்ளிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். கம்பளத்தில் மல்லாந்து கிடந்த என்னையும், காலில் இருந்த பலகைகளையும், தம்பியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அந்தப் பார்வைக்குப் பிறகு இனி அவர் கையெழுத்துப் போடவே மாட்டார் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

இரண்டாவது கிழமை புதன்கிழமை பின்னேரமும் கடுதாசி வெறுங்கோட்டோடு கிடந்தது. "வாசிச்சு முடியேல்லை," என்றார் அம்மா. ஒரு பக்கத்தை ஒன்பது நாளாகவா ஒருவர் வாசிப்பார்? நான் அழவில்லை. கடுதாசியை எடுத்துக்கொண்டு சோபாவுக்குப் போனேன்.

"மாமா, பெற்றோர் அல்லது பாதுகாவலர் எண்டு போட்டிருக்கு. நீங்கள் பாதுகாவலர்தானே?"

மாமா எழும்பி இருந்தார். அப்படி ஒரு பதவியை அதுவரை யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை. குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "கொப்பர் லொறியோடை போன நேரம் நான்தானே," என்று மெதுவாகச் சொல்லி, பாம்பு நெளிந்தது போன்ற ஒரு கையெழுத்தைக் கோட்டில் இழுத்துவிட்டார். "அக்காவுக்குச் சொல்லிப்போடாதை. எனக்குச் சோறு கிடையாது."

வியாழக்கிழமை காலமை கடுதாசியை ஆசிரியையிடம் கொடுத்தேன். ஆசிரியை அதைப் பார்க்காமலே மற்றக் கடுதாசிகளுக்கு மேல் வைத்தார்.

அன்று பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா இல்லை. பக்கத்து வீட்டு அன்ரி கதவைத் திறந்து, "அம்மாவுக்கு ஏதோ அலுவலாம், வந்து தேத்தண்ணி குடி," என்று கூப்பிட்டார். அம்மாவுக்கு அலுவல் என்று ஒன்று இருந்ததே இல்லை. பேக்கரியும் வீடும் கோயிலும்தான் அவருக்குத் தெரிந்த மூன்று இடங்கள். மாமாவையும் காணவில்லை. இருட்டும் நேரத்தில் இரண்டு பேரும் ஒன்றாக லிஃப்டிலிருந்து இறங்கி வந்தார்கள். மாமாவின் முகம் சிரிப்பை அடக்கிச் சிவந்திருந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக வைத்து நடந்து வந்தார்.

"என்னம்மா நடந்தது?"

"பஸ் தரிப்பிலை வழுக்கிப்போட்டுது."

மாமா இருமிக்கொண்டு குளியலறைக்குள் ஓடினார். அம்மா கதிரையில் இரண்டு கையையும் ஊன்றி மெதுவாக உட்கார்ந்து, என்னைப் பார்த்து, "அந்தக் கடுதாசியைக் கொண்டா," என்றார்.

மாமா சொல்லிவிட்டாரா, ஆசிரியை வீட்டுக்குப் பேசினாரா என்று ஒன்றும் தெரியவில்லை. "துலைஞ்சுபோச்சு," என்றேன். அம்மா கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் நோவெண்ணெய்ப் போத்தலைத் திறந்து மணிக்கட்டில் தேய்த்துக்கொண்டு, "சரி. நாளைக்கு நான் வந்து ரீச்சரிட்டை வேறை ஒண்டு வாங்குறன்," என்றார்.

அடுத்த நாள் காலமை அம்மா பேக்கரிக்குப் போகவில்லை. என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நாங்கள் இருவரும் பனியில் வழுக்கும் நடைபாதையில் நடந்தோம். இப்போதே சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு மின்கம்பத்திலும் தீர்மானித்து, அடுத்த மின்கம்பத்துக்குத் தள்ளிவைத்தேன். கம்பங்கள் முடிந்து பள்ளிக்கூடம் வந்துவிட்டது.

ஆசிரியை சிரித்துக்கொண்டே, உங்கள் மகள் நேற்றே தந்துவிட்டாளே என்று சொல்லி, கடுதாசியை எடுத்து நீட்டினார். அம்மா அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். ஒரு காலத்தில் அந்தக் கையைப் பிடித்து அ, ஆ எழுதப் பழக்கியவரே அவர்தான் என்பதால் யாருடையது என்று கேட்கத் தேவை இருக்கவில்லை. நான் கோட் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றேன். அம்மா ஆசிரியையிடம், இதில் ஒரு பிழை நடந்துவிட்டது, புதிதாக ஒன்று தாருங்கள் என்று ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டார். சின்னப் பிள்ளைகளின் கதிரை ஒன்றில், மேசையைப் பிடித்தபடி மெல்ல மெல்ல இறங்கி உட்கார்ந்தார். கோபத்தில்தான் அப்படி மெதுவாக உட்காருகிறார் என்று நினைத்தேன். கடைசிப் பந்தியை ஒருதரம் வாசித்தார். 'முழுமையாக விளங்கிக்கொண்டேன்' என்ற சொற்களின் கீழே பென்சிலால் இலேசாக ஒரு சரி அடையாளம் போட்டார். பிறகு பேனையை வாங்கி, தன் முழுப் பெயரையும் ஒவ்வோர் எழுத்தாகக் கோட்டில் எழுதினார்.

வாசல் வரை அவரோடு நடந்தேன். "ஏன் பொய் சொன்னனி?" என்று கேட்டார்.

"நீங்கள் விடமாட்டியள் எண்டு."

"மாட்டன் எண்டு நான் சொன்னனானோ? வாசிச்சு முடியேல்லை எண்டுதானே சொன்னனான்."

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. மாமாவுக்கு மட்டும் ஒரு கிழமைக்கு மீன்குழம்பு நிறுத்தப்பட்டது. "பாதுகாவலர் பருப்போடை சாப்பிடட்டும்," என்றார் அம்மா.

பயண நாள் காலமை நான் மூன்று சோடி சொக்ஸ் எடுத்து வைத்திருந்தேன். குளிருக்குக் கம்பளிச் சொக்ஸ் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட வேண்டும் என்பது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த விடயம். அம்மா மூன்றையும் பறித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு, ஒரு சோடி மெல்லிய நீளச் சொக்ஸை என் காலில் முழங்கால் வரை இழுத்துவிட்டார்.

"விறைக்குமம்மா!"

"விறைக்காது. தடிச்சதெண்டால் அந்தச் சப்பாத்துப் பூட்டாது. பூட்டினாலும் கால் மரத்துப்போம். சப்பாத்தின்ரை நாக்கு கெண்டைக்கு முன்னாலை எலும்பிலை முட்ட வேணும், அப்பதான் சரி." சொக்ஸில் இருந்த ஒரு சுருக்கத்தை விரலால் நீவிவிட்டார். "மாமா சொன்ன மாதிரிப் பின்னுக்குச் சாயாதை. முன்னுக்குச் சாய். நிக்கிறதெண்டால் பலகையின்ரை முன் நுனி ரெண்டையும் கிட்டக் கொண்டுவந்து, குதியை வெளியாலை தள்ளு. விழப்போறன் எண்டு தெரிஞ்சால் பக்கத்துக்கு விழு. பக்கத்துக்கு விழுந்தால் ஒண்டும் செய்யாது."

"ஓமோம்," என்றேன். அம்மா சொல்லும் எதற்கும் ஓமோம் என்று சொல்லிப் பழகிய வாய். பஸ்ஸைத் தவறவிடப் போகிறேன் என்பதுதான் என் கவலை.

அந்த மேட்டின் அடிவாரத்தில், வாடகைச் சப்பாத்துக் கொடுக்கும் கொட்டகையில், எங்கள் வகுப்புத் தமிழ்ப் பிள்ளைகள் ஆறு பேரும் வாங்கில் வரிசையாக அழாக்குறையாக இருந்தார்கள். ஒருவருக்கும் சப்பாத்துப் பூட்டவில்லை. ஒவ்வொரு அம்மாவும் மூன்று சோடி போட்டு அனுப்பியிருந்தார். ஒருவன் மேலதிகமாக அப்பாவின் சொக்ஸும் போட்டிருந்தான். அவர்கள் சொக்ஸ் கழற்றி முடிப்பதற்கிடையில் நான் வெளியே போய்விட்டேன். விமான நிலையத்தில் இருப்பதுபோலத் தானாக நகரும் பட்டியில் ஏறி மேட்டின் உச்சிக்குப் போனேன். முதல் தடவை மாமாவை நம்பிப் பின்னுக்குச் சாய்ந்தேன். பலகைகள் என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போகப் பார்த்தன, பக்கத்துக்கு விழுந்தேன். ஒன்றும் செய்யவில்லை. இரண்டாவது தடவை முன்னுக்குச் சாய்ந்தேன். குதியை வெளியே தள்ளினேன். நின்றது. மூன்றாவது தடவை கீழே வரை வந்தேன். காற்று கன்னத்தில் அடிக்க, யாரும் பிடிக்காமல், நானாக.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும் முன்னரே மாமாவைப் பிடித்துக்கொண்டேன். "நீங்கள் சொன்னது முழுக்கப் பிழை மாமா! முன்னுக்குத்தான் சாய வேணும். நானாக் கண்டுபிடிச்சனான்!"

மாமா குசினிப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். அம்மா அகப்பையைத் தூக்கி அவரை ஒரு பார்வை பார்த்தார். மாமா வாயை மூடிக்கொண்டு, "கெட்டிக்காரி," என்றார். அம்மா மீனைத் திருப்பிப் போட்டார்.

போன கிழமை என் எட்டு வயது மகள் அதேபோல ஒரு கடுதாசியோடு வந்தாள். நாங்கள் இப்போது ஸ்ரௌவ்வில்லில் இருக்கிறோம். அந்த மேட்டுக்கு இங்கிருந்து ஒரு மணி நேரம்தான். அதே மேடு. தலைக்கவச அளவு பார்த்துவிட்டேன். காலநிலை அறிக்கையைக் காலமையும் பின்னேரமும் பார்க்கிறேன். கணவர் சிரிக்கிறார். ஆனாலும் கையெழுத்துப் போடக் கை வரவில்லை. நான் மிதமிஞ்சிப் பயப்படுகிறேனா, போதாமல் பயப்படுகிறேனா என்பதுகூடத் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டால் என் பயம் பிடிபட்டுவிடும் என்று கடைசியில் மாமாவுக்கு எடுத்தேன். என்ன சொக்ஸ் போடுவது என்று அப்போது அம்மாவுக்கு யார் சொன்னது என்று சும்மாதான் கேட்டேன்.

மறுமுனையில் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"ஆரும் சொல்லேல்லை. கொம்மா மூண்டு சோடி போட்டுக்கொண்டு போனவ. அந்த வியாழக்கிழமை என்னைக் கம்பனி வானை எடுக்கச் சொல்லிப்போட்டா. அந்த மேட்டுக்கே போய்ச் சின்னப் பிள்ளையளுக்குப் பழக்கிற வகுப்பிலை தானும் சேர்ந்தவ. நாற்பது வயசிலை! சுத்திவர எல்லாம் முழங்கால் உயரத்துக்குப் பெடியள்."

"நீங்கள்?"

"எனக்கு இடுப்புப் பிடிப்பு. கன்ரீனிலை இருந்து சூடான சொக்லேற் குடிச்சனான். கண்ணாடியாலை பார்த்தனான். பதினாலு தரம் விழுந்தவ, எண்ணினனான். ஒவ்வொருக்கா விழுந்து எழும்பின உடனை ஜக்கற்றுக்குள்ளை இருந்து அந்தக் கொப்பியை எடுத்து என்னவோ எழுதுவா. பேந்து திரும்பவும் ஏறுவா. போதும் வாங்கோ அக்கா எண்டு கூப்பிட்டன். 'பொறடா, ஒருக்காலாவது விழாமல் வந்தால்தான் எனக்கு விளங்கும்' எண்டவ."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உனக்குத் தெரிஞ்சால் அவ விழுந்ததை நினைச்சுக்கொண்டுதான் மேலை ஏறுவாயாம்."

நாளைக்கு வியாழக்கிழமை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். மகளிடம் பல் வைத்தியரிடம் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மெல்லிய நீளச் சொக்ஸ் ஒரு சோடி கைப்பைக்குள் இருக்கிறது. இன்று பின்னேரம் அவள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த கடுதாசியை விரலால் தட்டினாள்.

"அம்மா, இன்னும் ஸைன் பண்ணேல்லையா? ஒரு பேஜ்தானே!"

"வாசிச்சு முடியேல்லை பிள்ளை," என்றேன்.

உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனாள். என்னைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். மணிக்கட்டில் நோவெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்து, பஸ் தரிப்பிலேயே நிற்கத் தெரியாத இவரா எனக்குப் பனிச்சறுக்குக்குக் கையெழுத்து வைக்கப்போகிறார் என்று நானும் அன்று நினைத்தேன்.